விளையாட்டு உருவாக்கக் கோடை முகாம்: கணினித்துறை காட்டியதும் காட்டாமல் விட்டதும்

பல்கலைக்கழகம் ஒன்றின் கணினி அறிவியல் துறை, மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்காகக் கோடை விடுமுறையில் நடத்திய விளையாட்டு உருவாக்க முகாமில் என் பதினாறு வயது மகள் பத்து நாள்கள் கலந்துகொண்டாள். முதல் நாளும் கடைசி மூன்று நாள்களும் பெற்றோர் உடனிருக்கலாம் என்று அனுமதித்திருந்ததால், அந்த நான்கு நாள்களும் ஆய்வகத்தின் பின்வரிசையில் நானும் அமர்ந்திருந்தேன். நான் கணித ஆசிரியை. நிரல் எழுதுபவள் அல்லள். ஆகவே இந்த மதிப்புரையை ஒரு தாயும் ஓர் ஆசிரியையும் சேர்ந்து எழுதியதாகக் கொள்ளலாம். துறையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே அமைப்பிலான முகாம்களைப் பல கல்லூரிகள் நடத்துகின்றன. நான் கண்ட குறைகள் அவற்றுள் பலவற்றுக்கும் பொருந்தக்கூடும்.

இந்த முகாமின் நோக்கம் ஆள்சேர்ப்பு என்பதைத் துறை மறைக்கவில்லை. கணினிப் படிப்புகளை நோக்கி மாணவர்களை ஈர்ப்பதற்காகவே இதை நடத்துகிறோம் என்று தொடக்கவுரையிலேயே துறைத்தலைவர் கூறினார்; அந்த வெளிப்படைத்தன்மை எனக்குப் பிடித்திருந்தது. இப்படியான முயற்சிகளுக்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. இணைய நிறுவனங்களின் பங்குக் குமிழி 2000-ல் உடைந்த பிறகு, அமெரிக்காவில் கணினி அறிவியலை முதன்மைப் பாடமாக எடுக்க விரும்பிய புதுமுக மாணவர்களின் விகிதம் நான்கே ஆண்டுகளில் 60 விழுக்காட்டுக்கும் மேலாகச் சரிந்தது. காலியான வகுப்பறைகளை நிரப்ப வழி தேடிய துறைகளின் கண்ணில், இளைஞர்கள் நாள்தோறும் மணிக்கணக்கில் செலவிடும் கேம்கள் பட்டதில் வியப்பில்லை. சேர்க்கை பின்னர் மீண்டது. முகாம்கள் மட்டும் நிலைத்துவிட்டன.

ஆள்சேர்ப்புக்காக நடத்தப்படும் ஒன்றை, குழந்தை மகிழ்ந்தாளா என்ற ஒரே கேள்வியால் மதிப்பிட முடியாது. கேம் உருவாக்கும் இடத்தில் எந்தக் குழந்தைதான் மகிழாது? முகாம் முடிந்து வெளியே வரும் மாணவி, அந்தத் துறையில் சேர்ந்தால் முதலாண்டில் தன் நாள்கள் எப்படிக் கழியும் என்பதை ஓரளவாவது உள்ளபடி அறிந்து வருகிறாளா என்பதையே நான் அளவுகோலாகக் கொண்டேன். அந்த அளவுகோலின்படி இந்த முகாமின் நல்ல பகுதி, திட்டமிட்ட பாடங்களில் அமையாமல், திட்டமிடாமல் நேர்ந்த ஒரு பிழையில் அமைந்தது.

ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாணவர்கள் 24 பேர், மூவர் கொண்ட எட்டுக் குழுக்கள், ஒரு விரிவுரையாளர், வழிகாட்டிகளாக அதே துறையின் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நால்வர். கணினிகள் நன்றாக இருந்தன. நேர ஒழுங்கில் குறை சொல்ல எதுவுமில்லை.

முதல் நான்கு நாள்கள் ஸ்க்ராட்ச். எம்.ஐ.டி. மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு உருவாக்கி 2007-ல் பொதுவெளியில் விட்ட இந்த மொழியில், கட்டளைகளைத் தட்டச்சு செய்வதற்குப் பதிலாக வண்ணக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். பொருந்தாத கட்டைகள் ஒட்டவே ஒட்டாது என்பதால் இலக்கணப் பிழைக்கு அங்கே இடமில்லை. எட்டு முதல் பதினாறு வயது வரையிலானோரை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்ட இதில், மேல்நிலை வகுப்பு மாணவர்களை நான்கு நாள்கள் வைத்திருந்தது அதிகம் என்பது என் கருத்து. அவர்களுள் பாதிப்பேர் பள்ளியிலேயே இதைத் தொட்டுப் பார்த்திருந்தார்கள். மூன்றாம் நாள் மாலையில் என் மகள் சலிப்போடு வீடு திரும்பினாள். ஐந்தாம் நாள் கோடோ என்ற கேம் உருவாக்க மென்பொருளுக்கு மாறியதும் அந்தச் சலிப்பு ஒரே மணி நேரத்தில் மிரட்சியாக மாறியதாம். கோடோ 2014-ல் திறந்த மூல மென்பொருளாக வெளியிடப்பட்டது. யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். அதன் ஜிடிஸ்கிரிப்ட் மொழியில் ஒவ்வொரு வரியையும் கையால் எழுத வேண்டும், ஓர் இடைவெளி தவறினாலும் நிரல் ஓட மறுக்கும்.

ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிய அந்த இடத்தில் முகாம் மாணவர்களைக் கைவிட்டுவிட்டது என்றே சொல்வேன். ஓர் எடுத்துக்காட்டு போதும். ஸ்க்ராட்சின் மேடை 480-க்கு 360 அளவுள்ளது. அதன் நடுப்புள்ளியே ஆதிப்புள்ளி, ஒய் மதிப்பைக் கூட்டினால் உருவம் மேலே செல்லும். நாங்கள் பள்ளியில் வரையும் வரைபடத்தாளும் அப்படியே. கோடோவின் இருபரிமாண வெளியில் ஆதிப்புள்ளி திரையின் இடது மேல் மூலையில் இருக்கிறது. ஒய் மதிப்பைக் கூட்டினால் உருவம் கீழே இறங்கும். ஐந்தாம் நாளில் எட்டுக் குழுக்களின் கதாபாத்திரங்களும் குதிக்கச் சொன்னால் தரைக்குள் புதைந்தன. “குறியை மாற்றிவிடுங்கள்” என்று ஒரே வாக்கியத்தில் விரிவுரையாளர் கடந்துவிட்டார். அன்று மாலை என் மகள் கேட்டாள்: “அம்மா, இத்தனை வருஷமா நீங்க பலகையில் தலைகீழாத்தான் வரைஞ்சீங்களா?”

குறியை மாற்றுவது தீர்வு, அது விளக்கமாகிவிடாது. பழைய படக்குழாய்த் திரைகளில் மின்கதிர் இடது மேல் மூலையில் தொடங்கி, ஒவ்வொரு வரியாகக் கீழ்நோக்கி இறங்கிப் படத்தை வரைந்தது. நினைவகத்திலும் படத்தின் புள்ளிகள் அதே வரிசையில் அடுக்கப்பட்டன. ஆகவே வரிசை எண் கூடக் கூட இடம் கீழே செல்வது அந்தக் கருவிகளுக்கு இயல்பாக இருந்தது. கணிதத்தின் மரபும் பொறியின் மரபும் ஏன் வேறுபட்டன என்பதைப் பத்து நிமிடம் பேசியிருந்தால், கணினி அறிவியல் என்பது கட்டளைகளை மனப்பாடம் செய்வதில்லை என்று அந்த 24 பேருக்கும் புரிந்திருக்கும். இதை நான் வீட்டில் தேடிப் படித்துத்தான் மகளிடம் சொல்ல முடிந்தது. ஈர்ப்பதற்கென்றே நடத்தும் முகாமில் ஈர்க்கத்தக்க செய்தியை அவசரத்தில் தாண்டிப்போவது வேடிக்கையான முரண்.

இனி அந்தப் பிழைக்கு வருகிறேன். என் மகளின் குழு உருவாக்கியது தீயணைப்பு விளையாட்டு. குழாயிலிருந்து நீர்த்துளிகள் பாயும்; சுவர்கள் அவற்றைத் தடுக்கும்; வீரர் சுற்றிச்சென்று சரியான இடத்தில் நின்றால்தான் தீயை அணைக்க முடியும். ஒன்பதாம் நாள் காலையில் துளிகளுள் சில சுவரைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்த் தீயை அணைத்தன. எல்லாத் துளிகளும் துளைத்திருந்தால் சுவரில் தவறு என்று கண்டுபிடித்திருக்கலாம். பெரும்பாலானவை நின்றன, சில மட்டும் போயின. மூவரும் ஒரு மணி நேரம் சுவரை அழித்து மறுபடி வரைந்தார்கள், துளியின் வண்ணத்தைக்கூட மாற்றிப் பார்த்தார்கள்.

அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட வழிகாட்டி இரண்டாமாண்டு மாணவி. விசைப்பலகையை அவர் தன் பக்கம் இழுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அவர்மீது மதிப்பு ஏற்பட்டது அந்த நொடியில்தான். ஒவ்வொரு முறை கணக்கிடும்போதும் துளி எங்கே இருக்கிறது என்பதைத் திரையின் கீழே எண்ணாக அச்சிடச் சொன்னார். எண்கள் வந்தன: 212, 237, 262. சுவர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். 240-இலிருந்து 256 வரை. சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு என் மகள், “துளி சுவருக்குள்ளேயே வரல அக்கா, தாண்டிக் குதிச்சிருக்கு” என்றாள்.

திரையில் நாம் காணும் ஓட்டம் ஓட்டமே அன்று என்ற உண்மையை அவர்கள் அங்கே தொட்டார்கள். அந்த விளையாட்டு நொடிக்கு 60 முறை நிலையைக் கணக்கிடுகிறது. துளியின் வேகம் நொடிக்கு 1500 பிக்சல். ஆகவே ஒவ்வொரு கணக்கீட்டுக்கும் துளி 25 பிக்சல் தாவுகிறது. சுவரின் தடிமன் 16, துளியின் அகலம் 4. துளியின் மையம் 20 பிக்சல் நீளமுள்ள ஒரு பகுதிக்குள் விழுந்தால்தான் மோதல் பதிவாகும், தாவலோ 25. எனவே ஏறத்தாழ ஐந்தில் ஒரு துளி தப்பிவிடும். பின்வரிசையிலிருந்த நான் இதைக் கைக்குட்டைக் காகிதத்தில் கணக்கிட்டு மகிழ்ந்துகொண்டிருந்தபோது, முன்னால் அவர்கள் நூறு துளிகளை வரிசையாக ஏவி, எத்தனை தப்புகின்றன என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். நிகழ்தகவுப் பாடத்தில் நாணயத்தையும் பகடையையும் விட்டு வெளியே வர எங்களுக்கு ஆண்டு முழுதும் வாய்ப்பதில்லை என்ற பொறாமையும் எனக்கு இருந்தது.

தீர்வுகளையும் அவர்களே சொன்னார்கள். சுவரைத் தடிமனாக்கலாம் என்றான் ஒரு பையன். நீரின் வேகத்தைக் குறைக்கலாம் என்றாள் இன்னொருத்தி. இரண்டும் வேலை செய்யும், ஆனால் நாளை வேகத்தைக் கூட்டினால் பிழை திரும்பி வரும் என்று வழிகாட்டி சொல்லிவிட்டு, துளி முன்பிருந்த புள்ளியையும் இப்போதிருக்கும் புள்ளியையும் ஒரு கோட்டால் இணைத்தால் என்ன ஆகும் என்று கேட்டார். அந்தக் கோட்டுத்துண்டு சுவரை வெட்டுகிறதா என்று பார்ப்பது ஆயத்தொலை வடிவியலில் அவர்கள் ஏற்கெனவே செய்த கணக்கு. பிழையைக் கண்டு, அளந்து, காரணத்தைக் கருதி, சோதித்து, தீர்வுகளுள் எது நீடிக்கும் என்று எடைபோட்ட அந்த இரண்டரை மணி நேரம், துறையின் நான்காண்டுப் படிப்பை நேர்மையாகச் சுருக்கிக் காட்டிய நேரம். அட்டவணையில் அதற்கு இடமில்லை; அந்த நேரத்தில் அவர்கள் தலைப்புத்திரைக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

வழிகாட்டிகளைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். மேல்நிலை மாணவர்களைவிட இரண்டு மூன்று வயதே மூத்தவர்கள் என்பதால், முதலாண்டில் எந்தத் தாளில் தேறாமல் போனோம், எதைப் புரிந்துகொள்ள எத்தனை நாள் ஆயிற்று என்பதையெல்லாம் இடைவேளைகளில் தயக்கமின்றிச் சொன்னார்கள். தரவுக் கட்டமைப்பு, தனித்த கணிதம் போன்ற பாடங்களின் பெயரையே என் மகள் அவர்கள் வாயிலாகத்தான் முதன்முதலாகக் கேட்டாள். ஒரு துறை தன்னிடமுள்ள சிறந்த விளம்பரத்தை இடைவேளை நேரத்துக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, மேடையை வேறொன்றுக்குக் கொடுத்தது எனக்கு விளங்கவில்லை.

அந்த வேறொன்று, எட்டாம் நாள் பிற்பகலில் நடந்த சேர்க்கை அறிமுகக் கூட்டம். ஒரு மணி நேரம் படவில்லைகள் ஓடின. பெரிய கேம் நிறுவனங்களின் சின்னங்கள், புகழ்பெற்ற கேம்களின் காட்சிகள், அவற்றின் மீது துறையின் பெயர். இப்படிப்பில் தேறுவோருள் மிகப் பெரும்பாலோர் வங்கி, மருத்துவம், வணிகம், அரசு நிர்வாகம் போன்றவற்றுக்கான மென்பொருள்களில்தான் பணிபுரிவார்கள் என்பதை யாரும் குறிப்பிடவில்லை. கேம் தொழிலின் மேடுபள்ளத்தைப் பற்றியும் பேச்சில்லை. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவில் ஏறத்தாழ 1900 பேரையும், அடுத்த மாதமே சோனி தன் பிளேஸ்டேஷன் பிரிவில் ஏறத்தாழ 900 பேரையும் பணிநீக்க அறிவிப்பால் அதிரவைத்த செய்தி அந்த அறையிலிருந்த பையன்களுக்கே தெரிந்திருந்தது. ஒருவன் எழுந்து அதைக் கேட்டான். “திறமைக்கு எப்போதும் இடமுண்டு” என்ற பதில் வந்தது. முதலாண்டுப் பாடத்திட்டத்தை ஒரே ஒரு பக்கத்தில் காட்டி, அதில் எத்தனை பாடங்கள் தாங்கள் இந்த வாரம் தொட்டவை என்று மாணவர்களையே அடையாளமிடச் சொல்லியிருந்தால், அந்த மணி நேரம் பயனுள்ளதாக இருந்திருக்கும்.

24 பேருள் பெண்கள் ஐவர். கேம் என்ற சொல்லை வாசலில் தொங்கவிட்டால், ஏற்கெனவே கேமில் ஊறியவர்களே அதிகம் உள்ளே வருவார்கள். அமெரிக்காவில் கணினி அறிவியலில் இளங்கலைப் பட்டம் பெற்றோருள் பெண்கள் 1980-களின் நடுவில் ஏறத்தாழ 37 விழுக்காடாக இருந்து, 2010 வாக்கில் 20 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கினார்கள். வீட்டுக் கணினியைப் பையன்களின் விளையாட்டுப் பொருளாக விற்றதும் இதற்கு ஒரு காரணம் என்று பலர் சுட்டியிருக்கிறார்கள். மருந்தாக எடுத்த பொருளே நோயின் காரணங்களுள் ஒன்றாக இருக்கக்கூடும் என்ற எச்சரிக்கை இத்தகைய முகாம்களை வடிவமைப்போருக்குத் தேவை. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த ஆலிஸ் என்ற முப்பரிமாண நிரலாக்கச் சூழலைக் கதை சொல்வதற்கு ஏற்றவாறு மாற்றிக் கொடுத்தபோது, சிறுமியர் நிரலெழுதக் கூடுதல் நேரம் செலவிட்டார்கள் என்று ஓர் ஆய்வு காட்டியது. பேசுபொருளை விரித்தால் வாசலும் விரியும் என்பதற்கு அது நல்ல சான்று. இந்த முகாமின் முதல் நாள் மாதிரி, விண்கலத்தைச் சுட்டு வீழ்த்தும் விளையாட்டு. ஆறாம் நாள்முதல் எதை வேண்டுமானாலும் உருவாக்கலாம் என்று விட்டதும் தீயணைப்பும், தேனீயும், நூலகத்தில் புத்தகங்களை அடுக்குவதும் வந்தன. அந்தச் சுதந்திரத்தை முதல் நாளிலும், அதற்கும் முன்பு அழைப்பிதழிலும் வைத்திருக்கலாம்.

கடைசி நாள் காட்சிப்படுத்தலில் நேர்ந்த ஒரு சங்கடத்தையும் பதிவுசெய்ய வேண்டும். நூலக விளையாட்டை உருவாக்கிய குழுவின் நூலகர், ஆய்வகக் கணினியில் ஓடியாடிப் புத்தகம் அடுக்கியவர், அரங்கின் பெரிய திரையில் ஆமைபோல ஊர்ந்தார். ஆய்வகத் திரைகள் நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிப்பவை. அரங்கின் ஒளிவீழ்த்தி 60 முறை. அந்தக் குழுவினர் ஒவ்வொரு படத்துக்கும் 5 பிக்சல் நகர்த்து என்று எழுதியிருந்ததால், ஆய்வகத்தில் நொடிக்கு 720 பிக்சல் நகர்ந்தவர் அரங்கில் 300 பிக்சல்தான் நகர்ந்தார். முந்தைய படத்துக்கும் இப்போதைய படத்துக்கும் இடையே கழிந்த நேரத்தால் வேகத்தைப் பெருக்கினால் எந்தத் திரையிலும் ஒரே வேகம் கிடைக்கும். தூரம் என்பது வேகம் பெருக்கல் காலம் என்று ஏழாம் வகுப்பிலேயே படித்ததுதான். ஸ்க்ராட்சில் செலவிட்ட நான்கு நாள்களுள் ஒன்றை இதற்குக் கொடுத்திருந்தால் மூன்று குழந்தைகள் பார்வையாளர்முன் கூனிக்குறுகி நின்றிருக்க மாட்டார்கள். நடுவர்களாக வந்தவர்களாவது காரணத்தை அங்கேயே விளக்கியிருக்கலாம். அவர்கள் மதிப்பெண்ணைக் குறைத்ததோடு சரி.

விழா முடிந்ததும் கருத்துப் படிவம் வந்தது. மகிழ்ந்தீர்களா, நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா, கணினிப் படிப்பில் ஆர்வம் கூடியதா, எங்கள் துறையில் சேர்வீர்களா என்று கேள்விகள். படிவத்தைக் கொடுத்தால்தான் சான்றிதழ். பத்து நாள் கொண்டாட்டத்தின் உச்சத்தில், சான்றிதழ் கண்ணெதிரே இருக்க, எந்தப் பிள்ளை இல்லை என்று எழுதும்? இந்தப் படிவங்களைக் கொண்டு முகாம் வெற்றி என்று அறிக்கை எழுதினால், அது துறை தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும். முதல் நாளே இதே கேள்விகளைக் கேட்டு வைத்துக்கொண்டு, ஓராண்டு கழித்து அதே மாணவர்களிடம் என்ன படிக்கச் சேர்ந்தீர்கள் என்று விசாரித்தால்தான் ஈர்ப்பு உண்மையா என்பது தெரியும். வந்தவர்களுள் பலர் ஏற்கெனவே கணினிப் படிப்பில் சேர முடிவெடுத்திருந்தவர்கள் என்பதையும் அப்போது கழித்துக்கொள்ள வேண்டும்.

மிகப் பெரிய குறை என்று நான் கருதுவது வேறு. முகாம் முடிந்த மாலையே மாணவர்களின் ஆய்வகக் கணக்குகள் மூடப்பட்டன. வீட்டுக்குக் கொடுத்தனுப்பியது, விளையாடுவதற்கான இறுதிக் கோப்பை மட்டுமே; நிரலும் படங்களும் அடங்கிய திட்டக் கோப்புறையைத் தரவில்லை. கோடோவோ இலவசம், சாதாரண மடிக்கணினியிலும் ஓடும். எழுதியதைத் திருத்தவும் வளர்க்கவும் முடியாமல், தான் எழுதிய விளையாட்டை வெறுமனே விளையாடத்தான் முடியும் என்றால், உருவாக்குபவளாக மாற்றி அனுப்ப வேண்டிய பிள்ளையைப் பழையபடி விளையாடுபவளாகவே திருப்பி அனுப்பியதாகிறது. மூட்டப்பட்ட ஆர்வம் அணையாமலிருக்க வேண்டிய முதல் வாரத்தில் இப்படிக் கதவைச் சாத்துவது ஏன் என்று கேட்டுத் துறைக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்.

இத்தனைக்குப் பிறகும், பிள்ளையை அனுப்பலாமா என்று கேட்டால், அனுப்பலாம் என்றே சொல்வேன். நிரலை முன்பின் கண்டிராத பிள்ளைக்கும், கேமில் நாட்டமுண்டு ஆனால் கணிதம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கும் இது நல்ல தொடக்கம். ஏற்கெனவே ஏதேனும் ஒரு மொழியில் எழுதிப் பழகியவர்களுக்கு முதல் வாரம் வீண். சேர்க்கும் முன், வழிகாட்டிகள் யார், ஒருவருக்கு எத்தனை மாணவர்கள், திட்டக் கோப்புகள் கையில் கிடைக்குமா என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள். எந்தக் கருவி என்பதை அதற்குப் பிறகு கேட்டால் போதும். துறை எதிர்பார்த்த ஈர்ப்பு நிகழ்ந்ததா என்றால், என் மகளின் விருப்பப் பட்டியலில் ஐந்தாம் இடத்திலிருந்த கணினி அறிவியல் இரண்டாம் இடத்துக்கு வந்திருக்கிறது. முதலிடம் இன்னமும் புள்ளியியலுக்குத்தான். நூறு துளிகளை எண்ணிய காலை அதையும் சற்று உறுதிப்படுத்திவிட்டது என்று சந்தேகிக்கிறேன்.

என் மின்னஞ்சலுக்கு ஒன்பது நாள் கழித்து அந்த வழிகாட்டி மாணவியே பதிலெழுதி, கோப்புறையையும் இணைத்து அனுப்பினார். அதற்குள் என் மகள் தீயணைப்பு விளையாட்டை வெற்றுத்திரையிலிருந்து மறுபடி எழுதி, இரண்டாம் கட்டம் வரை வந்திருந்தாள். இரண்டையும் அருகருகே திறந்து ஒரு மாலை முழுதும் ஒப்பிட்டுவிட்டு, பழையதிலிருந்து தீப்பிழம்பின் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள்.